வேனுக்குச் சூரிய மின்சாரம்: கணக்குப் பார்த்துப் பொருத்துவோம்



அடியேன் இன்ஜினீயர் அல்ல. அந்தக் காலத்துப் பதினோராம் வகுப்பு வரை படித்துவிட்டு, தகப்பனாரின் மண்டியில் எடைக்கல் தூக்கத் தொடங்கியவன். வேங்கிக்காலில் மளிகை மொத்த வியாபாரம். அப்படிப்பட்டவனுக்கு மின்சாரத்தைப் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்டால், ஒரே ஒரு தகுதிதான் உண்டு. பணம் போட்டு ஏமாந்தேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்து அதைச் சரி செய்தேன். என் கைக்காசு போன வழியில் நம் உறுப்பினர்களின் காசும் போக வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நம்மில் பலரிடம் இப்போது ஒரு சின்ன வேன் இருக்கிறது. பகலில் அது சரக்கு வண்டி. பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையோரம் அதுவே கடை. தீபத் திருவிழாவின் பத்து நாளும், அவலூர்ப்பேட்டை, செங்கம் பக்கம் சந்தைக்குப் போகும் முந்தைய இரவும் நம் பிள்ளைகளும் வேலையாட்களும் அதற்குள்ளேயே படுத்துக்கொள்கிறார்கள். பணக்காரர்கள் கேரவன் என்று சொல்லும் வீட்டு வண்டிக்கும் நம் வேனுக்கும் மெத்தைதான் வித்தியாசம். இரண்டுக்கும் விளக்கு வேண்டும், மின்விசிறி வேண்டும், கைபேசிக்குச் சார்ஜ் வேண்டும். நமக்குக் கூடுதலாக எலெக்ட்ரானிக் தராசும் பில் மெஷினும் ஓடவேண்டும்.

இத்தனைக்கும் நாம் நம்பியிருந்தது பெட்ரோல் ஜெனரேட்டர்.

ஒரு பௌர்ணமி இரவு

சில வருடங்களுக்கு முன் ஒரு மழைக்கால பௌர்ணமி. என் தங்கை மகன்தான் வேன் கடையைப் பார்த்துக்கொண்டான். இரவு இரண்டு மணிக்குக் கூட்டம் குறைந்ததும், தூறல் காரணமாக ஜெனரேட்டரை வேனின் பின்பக்கம் ஒட்டி வைத்து, தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டு, விசிறியைப் போட்டுப் படுத்துவிட்டான். விடியற்காலையில் நான் போய்த் தட்டியபோது எழுந்திருக்க முடியவில்லை. "மாமா, தலை வெடிக்கிறது" என்று சொல்லி வாந்தி எடுத்தான். பித்தம் என்று நினைத்தோம். வெளிக்காற்றில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெளிந்தான்.

அது பித்தம் அல்ல என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. 2024 டிசம்பர் 23 அன்று கேரளத்தில் வடகரைக்கு அருகே சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அந்த வண்டியைச் சோதித்துப் பார்த்தார்கள். வண்டியின் ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு, தளத்தில் இருந்த இடைவெளி வழியாக உள்ளே ஏறியிருக்கிறது என்று தெரியவந்தது. இந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, கண்ணும் எரியாது. தூங்குகிறவன் தூங்கியபடியே போய்விடுவான். அந்தச் செய்தியைப் படித்த அன்று என் தங்கையின் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஆகவே, இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்கவேண்டாம்: ஆள் படுத்திருக்கும் வண்டியில் ஜெனரேட்டர் ஓடக்கூடாது. பக்கத்தில் ஒட்டி வைத்தும் ஓடக்கூடாது.

நம் ஊர்ப் பெண் காட்டிய வழி

ஜெனரேட்டர் இல்லாவிட்டால் மாற்று என்ன? பதில் நம் ஊரிலேயே இருந்தது. திருவண்ணாமலையைச் சேர்ந்த பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், கரி போட்டுத் துணி தேய்க்கும் இஸ்திரி வண்டிக்கு மாற்றாகச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். வண்டியின் கூரையில் சூரியப் பலகை, கீழே பாட்டரி. ஐந்து மணி நேர நல்ல வெயில் இருந்தால் ஆறு மணி நேரம் தேய்க்கலாம் என்பது கணக்கு. கைபேசிக்குச் சார்ஜ் செய்து கொடுத்து இரண்டு காசு கூடுதலாகப் பார்க்கவும் அதில் வழி வைத்தார். 2021-இல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்கு அந்த வண்டி தேர்வானது. அதே ஆண்டு கிளாஸ்கோவில் நடந்த உலகப் பருவநிலை மாநாட்டில் அந்தப் பெண் எழுந்து பேசினார்.

ஓடும் வண்டியில் சூரியப் பலகை பொருத்துவது வேறு இடங்களிலும் நடந்திருக்கிறது. 2017 ஜூலையில் நம் ரயில்வே விட்ட டீசல் ரயில் ஒன்றின் பெட்டிகளில், கூரைக்குப் பதினாறு பலகைகள் வீதம் பொருத்தி விளக்கும் விசிறியும் ஓட்டினார்கள். அந்தப் பெட்டிகள் சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் கட்டியவை. அதே ஆண்டு ஜனவரியில் கேரளத்தில் வைக்கம் – தவணக்கடவு இடையே 'ஆதித்யா' என்ற சூரியப் படகு 75 பேரை ஏற்றிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. ரயிலும் படகும் இஸ்திரி வண்டியும் ஓடுமானால் நம் மளிகை வேன் ஓடாதா என்று துணிந்தேன்.

நான் ஏமாந்த கதை

துணிந்ததில் தவறில்லை, கணக்குப் பார்க்காமல் துணிந்ததுதான் தவறு. ஒரு கடையில் 330 வாட் பலகை ஒன்று, 150 ஆம்பியர் டியூபுலர் பாட்டரி ஒன்று, பத்து ஆம்பியர் சார்ஜ் கன்ட்ரோலர் ஒன்று என்று எடுத்துக் கொடுத்தார்கள். கன்ட்ரோலரின் விலை சில நூறு ரூபாய்தான். "அது சும்மா ஒரு சுவிட்சு மாதிரிங்க. பலகையிலிருந்து ஒன்பது ஆம்பியர்தான் வரும், பத்து ஆம்பியர் தாராளம்" என்றார்கள். நானும் தலையாட்டிவிட்டேன்.

முதல் மாதம் நன்றாக இருந்தது. இரண்டாம் மாதம் நள்ளிரவில் விளக்கு மங்கியது. அப்புறம் பதினொரு மணிக்கே மங்கியது. எட்டாவது மாதம் பாட்டரி அடியோடு சாய்ந்துவிட்டது. பதினைந்தாயிரம் ரூபாய் பாட்டரி, பழைய இரும்பு விலைக்குப் போனது. "வெயில் போதவில்லை" என்றார்கள். திருவண்ணாமலையில் வெயில் போதவில்லை என்றால் யார் நம்புவது?

பிறகு மின்வேலை தெரிந்த தம்பி ஒருவர் வந்து, பலகையின் பின்புறம் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துக் காட்டினார். அந்தப் பலகை 37 வோல்ட்டில் 8.9 ஆம்பியர் கொடுக்கும். இரண்டையும் பெருக்கினால்தான் 330 வாட். என் பாட்டரியோ 12 வோல்ட். சார்ஜ் ஏறும்போது 13 வோல்ட் அளவில் நிற்கும். எனக்குக் கொடுத்த மலிவு கன்ட்ரோலர் பி.டபிள்யூ.எம். என்ற வகை. அது பலகையை நேரே பாட்டரியோடு சேர்த்து விட்டு விட்டுத் திறக்கும் கதவு மட்டுமே. ஆகவே உள்ளே போனது 13 வோல்ட்டும் 8.9 ஆம்பியரும். பெருக்கிப் பாருங்கள்: 116 வாட்!

நமது பாஷையில் சொன்னால், 330 கிலோ சரக்குக்குப் பணம் கட்டி, 116 கிலோவை இறக்கிக்கொண்டு, மிச்சத்தை லாரியிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதுவும் எட்டு மாதம், தினமும்.

எம்.பி.பி.டி. என்ற வகைக் கன்ட்ரோலர் வேறு விதமாக வேலை செய்கிறது. அதிக வோல்ட்டில் வருவதை வாங்கி, வோல்ட்டைக் குறைத்து, குறைந்ததற்கு ஈடாக ஆம்பியரை உயர்த்திக் கொடுக்கிறது. மூட்டையாக வந்த சரக்கை எடை குறையாமல் சில்லறைப் பொட்டலமாகக் கட்டுவது போல. 37 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியராக வந்தது, 13 வோல்ட்டில் ஏறக்குறைய 25 ஆம்பியராகப் பாட்டரிக்குள் போகிறது. கைச்சேதம் நூற்றுக்கு ஐந்து போலத்தான்.

இதனால் பி.டபிள்யூ.எம். வகையே கெட்டது என்று எண்ணவேண்டாம். 12 வோல்ட் பாட்டரிக்கென்றே செய்த சிறு பலகைகள் உண்டு. அவை 18 வோல்ட் அளவில் மின்சாரம் தரும். ஐம்பது, நூறு வாட் பலகையில் இரண்டு விளக்கு எரிக்கிறவருக்கு மலிவுக் கன்ட்ரோலரே போதும். வீட்டுக் கூரைக்குச் செய்த பெரிய பலகையை 12 வோல்ட் பாட்டரியோடு சேர்ப்பதானால் எம்.பி.பி.டி. இல்லாமல் தொடவே கூடாது.

முதலில் செலவுப் பட்டியல்

கடை வைக்கிறவன் முதலில் வாடகை, கூலி, வட்டி என்று செலவை எழுதுகிறான். இங்கேயும் அப்படித்தான். என் வேனின் ஒரு இரவுச் செலவு இது:

ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கு ஐந்து, ஏழு மணி நேரம்: 315.
25 வாட் டி.சி. மின்விசிறி ஒன்று, எட்டு மணி நேரம்: 200.
தராசு, பில் மெஷின், கைபேசிகள் சேர்த்து: சுமார் 90.

ஆக மொத்தம் 605 வாட்-மணி. அறுநூறு என்று வைத்துக்கொள்வோம்.

இனி வரவு. நம் பக்கத்தில் ஒரு நாள் வெயிலை, முழு வலுவோடு ஐந்து மணி நேரம் அடித்ததாகக் கணக்கு வைப்பது வழக்கம். சூடு, தூசி, ஒயர், பாட்டரி என்று வழிநெடுக நூற்றுக்கு முப்பது கழிவு போகும். என் பழைய ஏற்பாட்டில் 116 வாட் ஐந்து மணி நேரம் என்றால் 580. கழிவு போகச் சுமார் 400. செலவு 600. தினமும் 200 துண்டு விழுந்தால் எந்த வியாபாரம் நிற்கும்? பாட்டரிதான் தன் உயிரைக் கொடுத்து அந்தத் துண்டை அடைத்துக்கொண்டிருந்தது. அதே பலகைக்கு எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் போட்டதும் வரவு கழிவு போகச் சுமார் 1,150 ஆயிற்று. மேகமூட்டமான நாளுக்கும் கொஞ்சம் கை இருப்பு வந்தது.

பாட்டரி என்பது கிடங்கு. 150 ஆம்பியர் பாட்டரியில் 1,800 வாட்-மணி கொள்ளும் என்றாலும், ஈயப் பாட்டரியில் பாதிக்குமேல் எடுத்துக்கொண்டே இருந்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே நம் கைக்கு 900 என்றுதான் எழுதவேண்டும். என் செலவுக்கு அது ஒன்றரை இரவு. லித்தியம் பாட்டரியில் நூற்றுக்கு எண்பது வரை எடுக்கலாம், எடையும் குறைவு. ஆனால் விலை கூடுதல். கன்ட்ரோலரிலும் லித்தியம் என்று வகை மாற்றி வைக்கவேண்டும்.

கன்ட்ரோலர்தான் கணக்குப்பிள்ளை

சார்ஜ் கன்ட்ரோலரைச் 'சும்மா சுவிட்சு' என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள். வரவு வைப்பதும் பற்று எழுதுவதும் அதுதான். பாட்டரி நிரம்பும்வரை 14.4 வோல்ட் அளவுக்கு ஏற்றி, நிரம்பியபின் 13.6 அளவுக்கு இறக்கி நிறுத்துகிறது. இல்லாவிட்டால் பாட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும். இரவில் பாட்டரி வடிந்துபோனால் விளக்கைத் துண்டிக்கிறது. இரவில் மின்சாரம் பலகைக்குத் திரும்பி ஓடாமலும் தடுக்கிறது. இதில் ஒரு சூட்சுமம்: பல கன்ட்ரோலர்கள் 11 வோல்ட் அளவில்தான் துண்டிக்கும்படி வருகின்றன. அதற்குள் ஈயப் பாட்டரி கிட்டத்தட்டக் காலியாகிவிடும். நான் 11.8-க்கு உயர்த்தி வைத்திருக்கிறேன்.

வாங்கும்போது இரண்டு எண்களைப் பாருங்கள். முதலாவது ஆம்பியர். பலகையின் வாட்டைப் பதின்மூன்றால் வகுத்து, வரும் எண்ணுக்குமேல் கொஞ்சம் தாராளமாக வாங்கவேண்டும். 330-க்கு 25 வரும். 30 ஆம்பியர் வாங்கினேன். இரண்டாவது, அது தாங்கும் பலகை வோல்ட். எதுவும் இணைக்காதபோது என் பலகையில் 46 வோல்ட் நிற்கும். 100 வோல்ட் தாங்குவதாக எடுத்தேன்.

பொருத்தும்போது கவனிக்கவேண்டியவை

பலகையைக் கூரையோடு ஒட்டிப் பொருத்தாதீர்கள். சித்திரை வெயிலில் மின்சாரம் கொட்டும் என்று நான் நினைத்திருந்தேன். உண்மை வேறு. வெளிச்சம்தான் மின்சாரம் தருகிறது. சூடு அதைத் தின்கிறது. 25 டிகிரிக்குமேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்கு 0.4 போலக் குறைகிறது. பலகை 65 டிகிரிக்குச் சூடானால் நூற்றுக்குப் பதினாறு போய்விடும். அடியில் மூன்று அங்குலம் காற்றோட இடம் விடுங்கள். பலகை இருபது கிலோவுக்குமேல் எடை. இரும்புச் சட்டம் போட்டு, போல்ட்டால் முடுக்கி, ஓட்டையை சிலிக்கான் வைத்து அடைக்கவேண்டும். மாதம் ஒருமுறை போல்ட்டை அசைத்துப் பாருங்கள். ஓடும் வண்டியிலிருந்து பலகை பறந்தால் பின்னால் வருகிறவர் கதி என்ன?

கன்ட்ரோலரைப் பாட்டரிக்கு அருகில் வையுங்கள். பலகையிலிருந்து கன்ட்ரோலர் வரை ஒன்பது ஆம்பியர்தான் ஓடும். ஒயர் நீளமாக இருந்தாலும் பாதகமில்லை. கன்ட்ரோலரிலிருந்து பாட்டரி வரை 25 ஆம்பியர் ஓடும். அங்கே ஒயர் குட்டையாகவும் தடிமனாகவும் இருக்கவேண்டும். நான் ஆறு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டேன். மெல்லிய ஒயர் ஓட்டைச் சாக்கு. வழியெல்லாம் சிந்தும், சூடேறித் தீயும் பிடிக்கும். பாட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் கட்டாயம்.

இணைக்கும்போது முதலில் பாட்டரி, பிறகு பலகை, கடைசியில் விளக்குகள். கழற்றும்போது இதையே தலைகீழாக. பாட்டரியைப் பார்த்துத்தான் கன்ட்ரோலர் இது எத்தனை வோல்ட் ஏற்பாடு என்று தெரிந்துகொள்கிறது. வெயிலில் பலகை எப்போதும் உயிரோடு இருக்கும். வேலை செய்யும்போது மேலே ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடிவிடுங்கள்.

தண்ணீர் ஊற்றும் பாட்டரியிலிருந்து சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். ஜெனரேட்டரைத் துரத்திவிட்டு இதைத் தலைமாட்டில் வைப்பது புத்திசாலித்தனம் ஆகாது. வெளியே காற்றுப் போகும்படியான தனிப் பெட்டியில் வையுங்கள். ஸ்டார்ட் செய்யும் பாட்டரியிலிருந்து விளக்குக்கு ஒயர் இழுக்கவேண்டாம். ஒருமுறை இழுத்துவிட்டு விடியற்காலையில் நான்கு பேர் சேர்ந்து வேனைத் தள்ளினோம்.

நிழல் விஷயத்தில் ஒரு சங்கடம் உண்டு. கோடையில் வேனை மரத்தடியில் விடவே மனம் வரும். பலகையின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் வரவு வெகுவாகக் குறைந்துவிடும். பகலில் வண்டி வெயிலில், ஆள் நிழலில் என்று பழகிக்கொண்டோம்.

சட்டமும் செலவும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது. எடையும் உயரமும் கூடுவதால், பொருத்துமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. 2024-இல் மத்திய அரசு தொடங்கிய சூரிய வீடு திட்டத்தின் மானியம் வீட்டுக் கூரைக்குத்தான்; வேனுக்குக் கிடைக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் சூரியப் பலகைக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பில் கேட்டு வாங்குங்கள். அடித்த பில்தான் வாரண்டிக்கும் ஆதாரம்.

எனக்குப் பலகை, புதுக் கன்ட்ரோலர், புதுப் பாட்டரி, சட்டம், ஒயர், கூலி எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் ஆயிற்று. ஜெனரேட்டருக்கு ஒரு இரவுக்கு மூன்றரை லிட்டர் பெட்ரோல் ஊற்றினேன். மாதம் பத்து இரவு என்றால் 35 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்தாலும் 3,500. பதினோரு மாதத்தில் முதல் திரும்பியது. இதில் லாபம் என்று துள்ளிக் குதிக்காமல், நாலைந்து வருடத்தில் பாட்டரி மாற்றவேண்டும் என்பதற்காக மாதம் முந்நூறு ரூபாய் தேய்மானமாக ஒதுக்கி வைக்கிறேன். ஏமாந்த பதினைந்தாயிரத்தை நான் இதில் சேர்க்கவில்லை. அது படிப்புச் செலவு.

சூரியனும் எல்லா நாளும் நாணயமாக வரமாட்டார். தீபத் திருவிழா கார்த்திகையில், மழைக்காலத்தில் வருகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் நம் மலையடிவாரத்தில் மண்சரிந்து உயிர்கள் போன அந்தத் துயர நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதுபோன்ற நாட்களில் பலகையிலிருந்து கால் பங்குகூடத் தேறாது. தீபத்துக்குப் போகுமுன் மண்டியில் கரண்டு சார்ஜரில் பாட்டரியை நிரப்பிக்கொண்டு போகிறோம். விளக்கு ஐந்துக்கு மூன்று போடுகிறோம். வியாபாரம் கொஞ்சம் மங்கலாக நடக்கலாம், பாதகமில்லை.

இப்போதும் ஒவ்வொரு பௌர்ணமியும் விடியற்காலையில் நான் வேனருகே போகிறேன். சத்தம் இல்லை, புகை இல்லை. உள்ளே விசிறி ஓடுகிறது. கதவைத் தட்டினால் என் தங்கை மகன், "என்ன மாமா, இவ்வளவு சீக்கிரம்?" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வருகிறான். 38,000 ரூபாய்க்கு நான் வாங்கிய சரக்கு அந்த ஒரு கேள்விதான் என்று நினைத்துக்கொள்வேன்.

வேனில் ஆள் படுக்கவைக்கும் உறுப்பினர்கள் இந்த வாரமே ஒரு தாளை எடுத்துச் செலவுப் பட்டியலை எழுதிப் பாருங்கள். பலகையின் விலையைக் கேட்குமுன் கன்ட்ரோலர் என்ன வகை என்று கேளுங்கள். வேங்கிக்கால் பக்கம் வந்தால், வேன் மண்டியில்தான் நிற்கும், ஏறிப் பார்க்கலாம்.